கைத்தடி வாங்கினால் மட்டும் போதுமா? அளவு தப்பினால் ஆளையே சாய்த்துவிடும்!

பெசன்ட்நகர் முதியோர் கவனத்துக்கு...

கைத்தடி வாங்குவது கத்திரிக்காய் வாங்குவது போல ஆகிவிட்டது. கடைக்குப் போகிறார்கள். "ஒரு தடி குடுங்க" என்கிறார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

யாருக்குத் தடி, அவர் உயரம் என்ன, எந்தக் கால் வலிக்கிறது, எந்தக் கைக்குப் பலம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கடையில் போய் நிற்பதும் பெரும்பாலும் மகனோ மருமகளோதான். தடி ஊன்றப் போகிறவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

செருப்பு வாங்கினால் காலில் போட்டுப் பார்க்கிறோம். கண்ணாடி வாங்கினால் கண்ணைச் சோதிக்கிறோம். உயிரையே தாங்க வேண்டிய தடியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம்!

விழுந்தால் என்ன ஆகும்?

வயதானவர் விழுவது சின்ன விஷயம் அல்ல. 65 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டுக்கு ஒரு தடவையாவது கீழே விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. விழுந்ததால் உயிர் இழப்பவர்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படியே 100-க்கு 10 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இன்று அதைவிட அதிகம்.

இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரி என்றால் லட்சக்கணக்கில் செலவு. அப்புறம் படுக்கை. படுத்த இடத்தில் சளி கட்டும், புண் வரும், ரத்தம் உறையும். பலர் எழுந்திருப்பதே இல்லை.

சில நூறு ரூபாய்த் தடி சரியாக இருந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது என்ற வீடுகள் எத்தனையோ!

பெசன்ட்நகர் நிலவரம்

பெசன்ட்நகரில் இந்தப் பிரச்சினை கொஞ்சம் கூடுதல். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இங்கே குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, கணவன்-மனைவி மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு.

வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் லிப்ட் கிடையாது. பால் வாங்கவும் படி இறங்க வேண்டும், மருந்து வாங்கவும் படி இறங்க வேண்டும்.

வெளியே வந்தால் நடைபாதை. ஓர் இடத்தில் அகலமாக இருக்கும். பத்தடி தள்ளிப் போனால் ஓடு பெயர்ந்து கிடக்கும். அதற்கப்புறம் மோட்டார் சைக்கிள் நிற்கும். கடற்கரைக்குப் போனாலோ மணல். தடியின் முனை புதைந்துபோகும்.

அஷ்டலட்சுமி கோவிலில் எட்டு லட்சுமிகளையும் பார்க்கப் படி ஏறித்தான் ஆக வேண்டும். வாக்கர் அங்கே உதவாது.

ஆகவே, "எந்தத் தடி நல்லது?" என்று கேட்பதைவிட, "இவர் எங்கே நடக்கப் போகிறார்?" என்று கேட்பதுதான் முதல் வேலை.

எந்தக் கையில் பிடிப்பது?

இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள்.

வலது முழங்கால் வலிக்கிறது. தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? "வலது கையில்தான்" என்று பத்தில் எட்டுப் பேர் பட்டென்று சொல்லிவிடுவார்கள். அது தப்பு!

வலது கால் வலித்தால் இடது கையில் தடி. இடது கால் வலித்தால் வலது கையில் தடி.

காரணம் இருக்கிறது. சும்மா நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். வலது கால் முன்னே போகும்போது இடது கைதான் கூடவே வீசும். வலது காலில் நிற்கும்போது உடம்பின் பாரம் இடது பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைச் சாயவிடாமல் வலது இடுப்புத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவையும் சேர்ந்துதான் மூட்டை அழுத்துகிறது. இடது கையில் தடி இருந்தால் அந்தப் பாரத்தைத் தடி வாங்கிக்கொள்ளும். மூட்டுக்கு நிம்மதி.

வலிக்கிற பக்கமே தடியைப் பிடித்தால், பாரம் முழுவதும் வலிக்கிற காலின் மேலேயே சாயும்.

தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். நல்ல கால் பின்னால் வர வேண்டும். அவ்வளவுதான்.

உயரம் பார்ப்பது எப்படி?

இதற்கு டேப் கூட வேண்டாம்.

ஆளை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். தடியின் கைப்பிடி, மணிக்கட்டில் கோடு விழும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். தடியை ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கினால் அளவு சரி.

தடி உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். கழுத்து வலி வரும். குட்டையாக இருந்தால் முதுகு கூன் போடும், முன்னால் குப்புற விழ வாய்ப்பு உண்டு.

வெளியே செருப்புப் போட்டு நடப்பவரைச் செருப்போடு நிறுத்தி அளக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டும் நடப்பவரை வெறுங்காலோடு அளக்க வேண்டும்.

மரத்தடி என்றால் அதையும் சரி செய்யலாம். தடியைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடி தரையில் படும்படி நிறுத்துங்கள். மணிக்கட்டுக்கு நேராகக் குறி போடுங்கள். அடியில் மாட்டும் ரப்பரின் கனத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை அறுத்துவிடுங்கள். தாத்தா காலத்துத் தடியைப் பாட்டி அப்படியே ஊன்றக் கூடாது!

அலுமினியத் தடியில் பொத்தானை அழுத்தி ஏற்றி இறக்கலாம். பொத்தான் 'டக்' என்று ஓட்டைக்குள் முழுசாக வந்து உட்கார வேண்டும். பாதி வெளியே தெரிந்தால் ஆபத்து. பாரம் விழும்போது தடி சடாரென்று உள்ளே போய்விடும்.

யாருக்கு எது?

ஒற்றைத் தடி: ஒரு கால் மட்டும் வலிப்பவர், லேசாகத் தள்ளாடுபவர் ஆகியோருக்கு. ஒற்றைத் தடி உடம்பு எடையில் கால் பங்கு வரைதான் தாங்கும். அதற்கு மேல் சாய நினைப்பவருக்கு இது போதாது. வளைந்த கைப்பிடி கையில் மாட்டிக்கொள்ள வசதி. ஆனால் விரல் மூட்டு வீங்கியவருக்கு, உள்ளங்கை முழுவதும் பதியும் தட்டையான பிடிதான் நல்லது.

மூன்று கால், நான்கு கால் தடி: பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனவருக்கு இது கைகொடுக்கும். இரண்டு கையால் பிடிக்க வேண்டிய வாக்கரை அவரால் பிடிக்க முடியாது. நல்ல கையில் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனை உண்டு. எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். விரிந்த கால்கள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உட்பக்கம் இருந்தால் சொந்தக் காலே தடுக்கிவிடும். பெயர்ந்த நடைபாதையில் இது ஆடும். அகலம் குறைந்த படியில் நிற்காது.

வாக்கர்: இரண்டு முழங்காலும் தேய்ந்தவர், ஆபரேஷன் முடிந்து எழுந்தவர், ரொம்பத் தள்ளாடுபவர் ஆகியோருக்கு. தூக்கி வைத்து நடக்கும் வாக்கருக்கு இரண்டு கையிலும் தெம்பு வேண்டும். தெம்பு இல்லாதவருக்கு முன்னால் இரண்டு சக்கரம் வைத்த வாக்கர். கை நடுக்கமும் நடையில் தயக்கமும் உள்ள பார்க்கின்சன் நோயாளிக்குத் தூக்கி வைக்கும் வாக்கர் பெரும்பாலும் ஒத்துவராது. தூக்கும்போது நடை நின்று, ஆள் பின்னால் சாய்ந்துவிடுவார்.

நான்கு சக்கர வண்டி: பிரேக்கும் உட்காரப் பலகையும் உள்ளது. கொஞ்ச தூரம் நடந்தால் மூச்சு வாங்குபவருக்கு நல்லது. முழுப் பாரத்தையும் அதன் மேல் போடுபவருக்கு வேண்டவே வேண்டாம். வண்டி ஓடிவிடும், ஆள் தரையில்!

அக்குள் கட்டை: கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவருக்கு, கொஞ்ச காலத்துக்கு மட்டும். அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகும் இடைவெளி இருக்க வேண்டும். பாரத்தைக் கை தாங்க வேண்டும், அக்குள் தாங்கக் கூடாது. அக்குளில் தொங்கிக்கொண்டு நடந்தால் நரம்பு நசுங்கி மணிக்கட்டே தொங்கிப்போகும்.

முழங்கைக் கட்டை: இளம்பிள்ளை வாதம் போன்ற காரணத்தால் காலம் முழுவதும் கட்டை ஊன்றுபவருக்கு. கை வளையத்துக்குள் இருப்பதால் கதவைத் திறக்கும்போது கட்டை கீழே விழாது.

வெள்ளைத் தடி: இது பார்வை இல்லாதவர்கள் வழி அறிய. பாரம் தாங்க அல்ல. மேலே சாய்ந்தால் மடங்கிவிடும்.

படி ஏறும்போது...

லிப்ட் இல்லாத வீட்டுக்காரர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஏறும்போது நல்ல கால் முதலில். அப்புறம் வலிக்கிற காலும் தடியும். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். அப்புறம் நல்ல கால். மாற்றிச் செய்தால் முழு எடையும் பலம் இல்லாத காலில் விழும்.

ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தடி மற்ற கையில். வாக்கரைப் படியில் கொண்டுபோகவே கூடாது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்லது.

நாற்காலியில் இருந்து எழும்போது வாக்கரை இழுத்துப் பிடித்து எழக் கூடாது. நாற்காலியின் கையை அழுத்தி எழுந்து, நின்ற பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும். காய்கறிப் பையை வாக்கரின் முன்னால் மாட்டினால் அது குடை சாயும்.

சக்கர நாற்காலி

"இனிமே வீல்சேர்தான்" என்று முடிவு செய்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது ஆளை அல்ல, கதவை! சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலம் இரண்டு அடிக்கு மேல். குளியல் அறைக் கதவு பல வீடுகளில் அதைவிடக் குறுகல். நாற்காலி வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உள்ளே போகாது என்று தெரிய வரும்.

இருக்கையின் அகலம், உட்காருபவரின் இடுப்பு அகலத்தைவிட இரு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். ரொம்ப அகலமானால் உடம்பு ஒரு பக்கம் சாயும்.

வாசலில் சரிவுப் பாதை கட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அரை அடிப் படிக்கே 6 அடிச் சரிவு வேண்டும். செங்குத்தாகக் கட்டினால் அது சரிவுப் பாதை அல்ல, சறுக்கு மரம்.

பக்கத்திலேயே இருக்கும் ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் உண்டு. உட்கார்ந்தபடியே எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலியை அந்த மையம் 2019-ம் ஆண்டு வெளியிட்டது.

உப்புக்காற்று செய்யும் வேலை

கடற்கரை ஓரத்து ஆட்களுக்கு இன்னொரு தொல்லை துரு. ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்புக்காற்று வாக்கரின் திருகாணியையும் தின்னும். அலுமினியக் குழாய் தாக்குப்பிடித்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் பொத்தானும் துருப்பிடிக்கும். வாரம் ஒரு நாள் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மடக்கு வாக்கர் என்றால் விரித்ததும் 'கிளிக்' சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்காவிட்டால் நடக்காதீர்கள்.

எந்தத் தடியையும் குளியல் அறை ஈரத் தரையில் நம்பக் கூடாது. அங்கே சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பிதான் காப்பாற்றும். துண்டு போடும் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் கம்பியும் வரும், ஓடும் வரும், ஆளும் வருவார்!

"எனக்கென்ன வயசாயிடுச்சா?"

எல்லா வீட்டிலும் நடக்கும் பேச்சு இது.

"அப்பா, தடியை எடுத்துக்குங்க."

"எனக்கென்ன வயசாயிடுச்சா? நாலு பேர் பார்த்தா என்ன நெனப்பாங்க?"

நாலு பேர் என்ன நினைப்பார்கள்? மெரினாவில் 1959-ம் ஆண்டு முதல் நிற்கும் காந்தி சிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் தடி! 1930-ம் ஆண்டு தண்டிக்கு நடந்தபோது காந்திக்கு வயது 60. பெரியாரைக் கைத்தடி இல்லாமல் யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா? ராஜாஜியும் தடி ஊன்றியவர்தான்.

கலைஞர் கருணாநிதி 2009-ம் ஆண்டு முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வந்தார். 2011 வரை முதல்-அமைச்சராக ஆட்சி நடத்தியதும் அதில் இருந்தபடியேதான். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1921-ல் கால் செயல் இழந்த பிறகு 4 தடவை ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார்.

தடி ஊன்றினால் கவுரவம் குறையாது. விழுந்து, நாலு பேர் தூக்கும்படி ஆவதுதான் கஷ்டம்.

தனியாகப் போய் முடிவு செய்யாதீர்கள்

நேற்று வரை நன்றாக நடந்தவர் இன்று தள்ளாடினால், ஓட வேண்டியது தடிக் கடைக்கு அல்ல, டாக்டரிடம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பார்வை, காது, தூக்க மாத்திரை இவற்றில் எது தள்ளாட வைக்கிறது என்று பார்க்க வேண்டும். மாத்திரையை மாற்றினாலே சரியாகிவிடும் தள்ளாட்டமும் உண்டு.

அதன் பிறகு பிசியோதெரபி நிபுணர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். எந்தத் தடி, எவ்வளவு உயரம், எப்படி நடப்பது என்று அவர் சொல்லிக் கொடுப்பார்.

காசு இல்லை என்று கலங்க வேண்டாம். கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது, 200 படுக்கைகள். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க, 2021-ம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் உண்டு.

வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்குத் தடி, வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவற்றை இலவசமாகக் கொடுக்க மத்திய அரசு 2017-ல் 'வயோஸ்ரீ' திட்டத்தைக் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிகள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். எங்கே போவது என்று தெரியாத பெரியவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

முகாமில் இலவசமாகக் கிடைத்தாலும் உயரத்தைப் பார்க்காமல் வாங்கி வரக் கூடாது. இலவசத் தடியும் அளவு தப்பினால் சாய்க்கும்.

மாநகராட்சிக்கும் பங்கு உண்டு

தடி சரியாக இருந்தாலும் தரை சரியாக இருக்க வேண்டுமே! நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதல் இடம் என்று சென்னை மாநகராட்சி 2014-ம் ஆண்டிலேயே கொள்கை வகுத்தது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் தடை இல்லாத பாதை உரிமை என்கிறது.

மெரினாவில் 2022 நவம்பர் 27-ந் தேதி, கடல் அலை அருகே வரை சக்கர நாற்காலி போக 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். செலவு 1 கோடியே 14 லட்சம். மறு மாதமே 'மாண்டஸ்' புயலில் அது சேதம் அடைந்தது. பிறகு சரி செய்தார்கள். திறந்த அன்று, வாழ்நாளில் முதல் தடவையாக அலையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் உண்டு. பெசன்ட்நகர் எலியட்ஸ் கடற்கரைக்கும் இதே போன்ற மரப்பாதைத் திட்டத்தை மாநகராட்சி எடுத்துக்கொண்டது.

கடற்கரைக்கு 263 மீட்டர் போட முடிகிறவர்களால், வீட்டு வாசலில் இருந்து பஸ் நிலையம் வரை பெயர்ந்த ஓட்டைப் பதிக்க முடியாதா? தெருவில் பள்ளம், நடைபாதையில் ஆக்கிரமிப்பு என்றால் 1913 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவே பாருங்கள்

இந்தப் பேப்பரை மடித்து வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் தடியைத் திருப்பி அடி ரப்பரைப் பாருங்கள். வரிவரியாகப் பள்ளம் தெரிகிறதா? நல்லது. வழுவழு என்று தேய்ந்து, நடுவில் உலோகம் எட்டிப் பார்க்கிறதா? அந்தத் தடி இனி ஈரத் தரையில் நிற்காது.

புது ரப்பர் மருந்துக் கடையிலோ சர்ஜிகல் கடையிலோ கிடைக்கும். ஒரு வேளை டிபன் காசுதான். வாங்கும்போது பழைய ரப்பரைக் கையோடு கொண்டு போங்கள். குழாய் அளவு மாறினால் கழன்று விழும்.

நாளைக் காலையில் பெரியவர் படி இறங்குவதற்கு முன்னால் மாட்டிவிடுங்கள்.